போர்டை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மாட்டியிருக்கும் திருட்டு அலாரம் திடீரென்று செத்துப்போனால், பார்க்க வருபவர் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு "போர்டு போயிடுச்சு சார், இந்த மாடல் இப்ப வர்றதே இல்ல, புதுசு போட்டுடலாம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. திருச்சியில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். யுபிஎஸ், இன்வெர்ட்டர், அலாரம் எல்லாம் வரும். போர்டு போய்விட்டது என்று ஒதுக்கப்பட்டு என் மேசைக்கு வரும் அலாரம் பேனல்களில் (சுவரில் மாட்டும் மெயின் பெட்டி) பெரும்பாலானவற்றில் போர்டுக்கு, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைக்கு, ஒன்றும் ஆகியிருக்காது. போயிருப்பது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பக்கம். பேட்டரி, அல்லது அடாப்டர், அல்லது டிரான்ஸ்ஃபார்மர், இல்லையென்றால் ஒரு சின்ன பியூஸ். சில வீடுகளில் அதுகூட இல்லை, பிளக் பாயிண்ட் சுவிட்சு ஆஃப் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் செலவு செய்ய வைக்கிறார்கள் என்பது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், இப்படி ஏமாந்த வீடுகளில் பல, வயதான அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கும் வீடுகள். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு பணம் அனுப்பி மாட்டச் சொன்ன அலாரம் அது. புதுசுக்குப் பணம் இல்லை, அல்லது பிள்ளையிடம் கேட்க மனசு வரவில்லை என்று செத்த பெட்டியைச் சுவரில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வீட்டைக் காவல் காக்க ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் மிச்சம் இருக்கும். அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், முடிந்தவரை வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அலாரம் பெட்டிக்குள் கரண்ட் போகும் வழி ரொம்ப எளிமையானது. 230 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்) ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவோ அடாப்டர் வழியாகவோ குறைந்த வோல்டேஜாகி போர்டுக்குப் போகிறது. போர்டு அதை வைத்து மூன்று வேலை செய்கிறது. தான் ஓடுகிறது, வெளியே இருக்கும் கீபேடுக்கும் சென்சார்களுக்கும் 12 வோல்ட் அனுப்புகிறது, பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது. மெயின் கரண்ட் போனதும் பேட்டரி பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான வயர்டு சிஸ்டங்களில் அது 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) சீல்டு லெட் ஆசிட் பேட்டரி, சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கிறதே, அதே வகைதான். ஆக, எல்லா விளக்கும் அணைந்து கீபேட் கருப்பாகக் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் மெயின், பேட்டரி என்ற இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். பொதுவாக முதலில் ஒன்று போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அப்புறம் இரண்டாவது போகும்போதுதான் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது பிளக் பாயிண்ட். நம் வீடுகளில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் சுவிட்சு உண்டு, அதனால் பெயிண்ட் அடிக்க வந்தவரோ, போன் சார்ஜர் போட்ட பேரனோ, அயர்ன் பாக்ஸ் செருகியவரோ அதை ஆஃப் செய்துவிடலாம். பேட்டரி நன்றாக இருந்தால் அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ அலாரம் சாகும், அப்போது சுவிட்சை ஆஃப் செய்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பாதுகாப்புக்காக என்று மெயினையே ஆஃப் செய்துவிட்டுப் போகிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் இதேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேனல், கீபேட், நாலைந்து சென்சார், உங்கள் போனுக்கு அழைப்புப் போடும் ஜிஎஸ்எம் மாட்யூல் எல்லாம் சேர்ந்து 200 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் புத்தம் புது 7 ஏஎச் பேட்டரி கணக்குப்படி 35 மணி நேரம் தாங்கும். இரண்டு வருஷம் ஓடிய பேட்டரி என்றால் ஒரு நாளைக்கே சந்தேகம். பத்து நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இரண்டாம் நாளே அலாரம் அணைந்துவிடும், வீடு காலியாக இருக்கும் மீதி நாட்கள் முழுக்கக் காவல் இல்லை. அதோடு முடிவதில்லை, லெட் ஆசிட் பேட்டரியை முழுக்க வடியவிட்டு அப்படியே போட்டால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், திரும்பி வந்து மெயின் போட்டாலும் அது பழையபடி சார்ஜ் ஏறாது. எனவே அலாரத்துக்கு மெயின் போர்டில் தனி எம்சிபி (டிரிப் சுவிட்சு) வைத்து, மற்ற எல்லாவற்றையும் ஆஃப் செய்தாலும் அதை மட்டும் ஆனில் விடுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. ஊருக்குப் போகும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீசார் விடுமுறைக்கு விடுமுறை கேட்டுக்கொள்கிறார்கள், அந்த அறிவிப்போடு இதையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவோ நல்லது.

சரி, சுவிட்சு ஆனில் இருக்கிறது, வேறொரு சார்ஜரைச் செருகினால் அந்த பாயிண்டில் கரண்டும் வருகிறது, ஆனாலும் பேனல் சாவாகக் கிடக்கிறது என்றால் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய் மீட்டரே போதும். போர்டில் கரண்ட் நுழையும் இடத்தில், அடாப்டரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ கழற்றாமல் அப்படியே வைத்து அளக்க வேண்டும். கழற்றித் தனியாக அளந்தால் கெட்டுப்போன அடாப்டரும் 12 வோல்ட் காட்டும். உள்ளே கண்டன்சர் (கரண்டைத் தேக்கி வைக்கும் பாகம்) வீங்கிப்போன அடாப்டர் சும்மா இருக்கும்போது சரியாக நிற்கும், போர்டில் மாட்டியதும் 7, 8 என்று சரியும். எல்இடி விட்டு விட்டு மின்னி, டிக் டிக் என்று சத்தம் வந்தால், அடாப்டர் ஒவ்வொரு முறையும் கிளம்பப் பார்த்து லோடு தாங்காமல் நின்றுபோகிறது என்று அர்த்தம். அப்படி ஆனால் அடாப்டரும் கெட்டிருக்கலாம், போர்டு பக்கம் ஷார்ட்டும் இருக்கலாம். போர்டைக் கழற்றிய பிறகும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் குற்றவாளி அடாப்டர்தான்.

அடாப்டரை மாற்றும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. இது ஏசி கொடுக்கிறதா டிசி (நேர்திசை மின்சாரம்) கொடுக்கிறதா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று பழைய அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கடையில் "அலாரம்னா 12 வோல்ட் தானே" என்று சொல்லி செட்டாப் பாக்ஸ் அடாப்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரியை நிரம்பிய நிலையில் வைத்திருக்க 13.5 முதல் 13.8 வோல்ட் வரை வேண்டும். அதற்காகவே பல பேனல்கள் 15 வோல்ட்டோ அதற்கு மேலோ எதிர்பார்க்கின்றன. அங்கே 12 வோல்ட் அடாப்டரைப் போட்டால் பேனல் ஓடும், விளக்கெல்லாம் எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தியாக இருக்கும். பேட்டரி மட்டும் சார்ஜே ஏறாமல் சத்தமில்லாமல் சாகும். அடுத்த பவர் கட்டில் அலாரமும் கூடவே போகும். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் இது சரி செய்த வேலை என்று காசு வாங்கிய வேலை.

கரண்டைச் சதுர அலையாகக் கொடுக்கும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் அலாரத்தைக் கொடுத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு, பலருக்குத் தெரியாது. மின்வாரிய கரண்ட் 230 வோல்ட் என்றாலும் அலையின் உச்சி 325 வோல்ட் பக்கம் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பேனல் அந்த உச்சியை நம்பித்தான் தன் கண்டன்சரை நிரப்பிக்கொள்கிறது. ஸ்கொயர் வேவில் தனியாக உச்சி கிடையாது, 220 என்றால் 220 தான். அதனால் 12 வோல்ட் ஏசி கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரில், மெயின் கரண்டில் 15 வோல்ட்டுக்கு மேல் டிசி கிடைக்கும் இடத்தில், இன்வெர்ட்டரில் 11 வோல்ட்கூட எட்டாது. மெயின் இருக்கும்போது ஒழுங்காக ஓடும் அலாரம் இன்வெர்ட்டருக்கு மாறியதும் குழம்புகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். மின்வாரிய கரண்டைப் போலவே அலை கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியில் ஏசி பக்கம் ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் பியூஸ். கண்ணாடி பியூஸ் கருகியிருந்தால் அதே ரேட்டிங்கில் இன்னொன்று போடுங்கள், கம்பி சுற்றாதீர்கள். அதுவும் உடனே போனால் பியூஸுக்கு அப்பால் ஏதோ ஷார்ட் இருக்கிறது, நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இடிமழைக்கு அப்புறமோ, தெருவில் நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் எகிறிய நாளுக்கு அப்புறமோ செத்த பேனல் என்றால் பியூஸும் டிரான்ஸ்ஃபார்மரும் அடி வாங்கி, போர்டு தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் பக்கம் வரைகூட ஏறலாம், அதில் முதலில் போவது கரண்ட் நுழையும் வாசலில் நிற்கும் இந்த சாமான்கள்தான்.

இனி பேட்டரி. என் அனுபவத்தில் அதிகம் பழி சுமக்க வேண்டியது இதுதான், யாரும் கண்டுகொள்ளாததும் இதுதான். இந்த வகை பேட்டரிக்கு ஆயுள் 3 முதல் 5 வருஷம் என்பார்கள். அது 25 டிகிரி வெப்பத்தில். சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது லெட் ஆசிட் பேட்டரிக்குப் பொதுவான கணக்கு. திருச்சியிலும் மதுரையிலும் வேலூரிலும் கோடையில் 40 டிகிரி தாண்டுகிறது, அலாரம் பெட்டியையோ மாடிப்படிக்கு மேலே, காற்றே இல்லாத பரணில், வெயில் காயும் சுவரில் மாட்டுகிறார்கள். அங்கே அது இரண்டு, இரண்டரை வருஷம் உழைத்தாலே பெரிய விஷயம். நான் திறந்து பார்க்கும் பெட்டிகளில் எட்டு வருஷம், பத்து வருஷம் பழைய பேட்டரிகள் பக்கவாட்டில் வீங்கிப்போய்ப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே முடியாமல் இருக்கின்றன. ஆண்டுப் பராமரிப்பு என்று வருஷா வருஷம் பணம் கட்டிய வீடுகளிலும் இதே நிலைதான், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கெட்டுப்போன பேட்டரி தான் மட்டும் சாவதில்லை. ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால் அது போர்டு கொடுக்கும் சார்ஜ் முழுவதையும் உறிஞ்சி வோல்டேஜைக் கீழே இழுத்துவிடும், மெயின் கரண்ட் இருந்தும் பேனல் எழுந்திருக்காது. அதனால் பேனல் சாவாக இருக்கும்போது செய்ய வேண்டிய மிக எளிய சோதனை, பேட்டரி வயர் இரண்டையும் கழற்றிவிட்டு மெயினை மட்டும் போட்டுப் பார்ப்பது. கீபேடில் விளக்கு வந்துவிட்டால் போர்டு உயிரோடு இருக்கிறது, பேட்டரியை மாற்றினால் போதும். இந்தச் சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கழற்றிய பேட்டரியை இரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால், நிரம்பிய நல்ல பேட்டரி 12.7 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12க்குக் கீழே என்றால் வடிந்துபோயிருக்கிறது. 10.6 பக்கம் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஒரு செல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வோல்டேஜை மட்டும் நம்பக் கூடாது, லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பேட்டரியில் மாட்டுங்கள், ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரி பத்து நிமிடம் ஆனாலும் 12 பக்கமே நிற்கும், பல்பு பளிச்சென்று எரியும். போன பேட்டரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே 10க்குக் கீழே இறங்கும். புது பேட்டரி போட்ட பிறகு, அதன் முனைகளில் மறுநாள் அளந்து பாருங்கள், 13.5க்கும் 13.8க்கும் இடையில் இருந்தால் சார்ஜிங் சரி. 14.5 தாண்டி அப்படியே நின்றால் போர்டு அதிகமாகச் சார்ஜ் செய்கிறது, அதைச் சரி செய்யாவிட்டால் புது பேட்டரியும் வீங்கும்.

மெயினும் சரி, பேட்டரியும் சரி, அப்படியும் விளக்கு வரவில்லை என்றால் கீபேடுக்கும் சென்சாருக்கும் போகும் 12 வோல்ட் வயர்களைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். எங்காவது ஆணி அடித்து வயர் நசுங்கியிருக்கும், ஒரு சென்சாருக்குள் எறும்பு புற்று வைத்திருக்கும், பல்லி உள்ளே போய்ச் செத்திருக்கும். அந்த ஒரு ஷார்ட் மொத்த பேனலையும் படுக்க வைத்துவிடும். சில போர்டுகளில் தானே மீளும் பியூஸ் இருக்கும், ஷார்ட்டை எடுத்துவிட்டுக் கரண்டை நிறுத்திச் சற்று ஆறவிட்டுப் போட்டால் பழையபடி வந்துவிடும். வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வந்தால் எது என்று பிடிபட்டுவிடும். இதெல்லாம் தாண்டியும் அசையவில்லை என்றால்தான் போர்டைக் குறை சொல்லலாம்.

கை வைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். முதலில் மெயினைத் துண்டியுங்கள், அப்புறம் பேட்டரி. பெட்டியைத் திறந்தாலே, யாரோ கை வைக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் டேம்பர் சுவிட்சு காரணமாக சைரன் அலறலாம், வெளியே இருக்கும் சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் கத்தும். பக்கத்து வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டரி முனைகளில் வளையலோ மோதிரமோ ஸ்பேனரோ குறுக்கே படக் கூடாது, சின்ன பேட்டரி என்றாலும் ஷார்ட்டில் கையைப் பொசுக்கிவிடும். சிவப்பு, கருப்பு வயரை மாற்றி மாட்டக் கூடாது. அடாப்டரை உடைத்துத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஒரு கண்டன்சர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். வீங்கிய, கசிந்த பேட்டரியை வெறும் கையால் தொடாதீர்கள், அதில் இருப்பது கந்தக அமிலம். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது என்கின்றன, பேட்டரி விற்கும் கடையிலேயே பழையதற்கு ஒரு தொகை கழித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியில் சைரனை ஒரு நிமிடம் அலற விட்டுச் சோதிக்காமல் வேலை முடிந்தது என்று யாரையும் அனுப்பாதீர்கள். சும்மா இருக்கும்போது 200 மில்லிஆம்பியர் இழுக்கும் சிஸ்டம், சைரன் கத்தும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதே நேரத்தில் உங்கள் போனுக்கு அழைப்பும் போடும், சிம் போட்ட ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னல் அனுப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரைகூட இழுக்கக்கூடியது. பலவீனமான அடாப்டரும் பழைய பேட்டரியும் இருந்தால் அந்த நேரம் பார்த்து பேனல் அணைந்து திரும்பக் கிளம்பும். மாதக்கணக்கில் பச்சை விளக்கு காட்டிய அலாரம் திருடன் வந்த இரவில் மட்டும் வாயை மூடிக்கொண்டது என்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான். மெயின் ஆஃபில் ஒரு முறை, ஆனில் ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் அலற விட்டுப் பாருங்கள்.

அலாரம் மாட்டிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள். பேட்டரி போட்ட மாதம், வருஷத்தை மார்க்கரில் அதன் மேலேயே எழுதுங்கள். அடாப்டர் ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், பியூஸ் எத்தனை ஆம்பியர், எந்த எம்சிபியிலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடிக்குள் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை இது. நாளைக்கு நீங்கள் வராவிட்டாலும் வேறொருவர் வந்து சரி செய்துவிடக் கூடாது என்பதற்காகவே சிலர் இதை எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும், அது சரியில்லை. ஆண்டுப் பராமரிப்புக்கு வரும்போது துணியால் கீபேடைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதற்குப் பதில், பேட்டரியின் வோல்டேஜை லோடில் அளந்து அந்த எண்ணை ரசீதில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரர்களும் அந்த எண் இல்லாத ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகள் என்று தவறாமல் வெளியிடுகிறீர்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே "வீட்டு அலாரம் பேட்டரியைச் சோதிக்க இன்று நல்ல நாள்" என்று ஒரு வரி சேர்த்துப் போட முடியுமா? காலை 9 மணிக்குக் கரண்ட் போனதும் கீபேட் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும், மதியம் கரண்ட் வரும் முன் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் அணைந்துவிட்டால், அலாரம் இன்வெர்ட்டர் லைனில் இல்லாத வீடாக இருந்தால், அன்று மாலையே பேட்டரி வாங்கப் போகலாம். இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் அலாரம் பாயிண்டின் சுவிட்சை மட்டும் அந்த நேரத்துக்கு ஆஃப் செய்துவிட்டுப் பார்க்கலாம், மறக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
திருச்சி.